"யாரைப் பார்க்கணும்?" – பள்ளி வாசலில் கேட்க வேண்டிய கேள்வி

(நீலகிரி மாவட்டம் குன்னூர் வட்டாரத்தில் அரசுப் பள்ளிப் பெற்றோர்களிடையே ஆற்றிய உரை. வாசகர்களுக்காக எழுத்து வடிவில்.)



நம்ம மலைக்கு யார் வருகிறார்கள் என்று கணக்கு வைக்கிற வேலை 2024 மே 7-ம் தேதி தொடங்கியது. சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி, ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயம் ஆனது. கல்லாறு, பர்லியாறு, குஞ்சப்பனை என்று எந்தப் பக்கம் ஏறினாலும் பாஸ் எங்கே என்று கேட்கிறார்கள். பெயர், வண்டி எண், எத்தனை பேர், எத்தனை நாள் தங்கல், எல்லாம் பதிவாகிறது. வருகிறவர்கள் முதலில் முணுமுணுத்தார்கள். இப்போது புறப்படும் முன்பே கைபேசியில் எடுத்துக்கொண்டு வருகிறார்கள்.

மலைக்கு வருகிறவரிடம் இவ்வளவு கேட்கிறோம். உங்கள் பிள்ளை படிக்கும் பள்ளிக்குள் வருகிறவரிடம் என்ன கேட்கிறோம்? பல பள்ளிகளில் நேராக வகுப்பு வாசல் வரை நடந்து போய்விடலாம். "வாங்க சார், உட்காருங்க" என்று நாற்காலி போடுவோம். ஆள் யார், எதற்கு வந்தார் என்பது டீ குடித்து முடித்த பிறகுதான் தெரியும். விருந்தோம்பல் நல்ல குணம்தான். ஆனால் நாம் சொல்லும் அந்த "வாங்க"வுக்கு முன்னால் "யாரைப் பார்க்கணும்?" என்று ஒரு கேள்வி வர வேண்டும். இன்றைக்கு நான் பேச வந்தது அந்த ஒரு கேள்வியைப் பற்றித்தான்.

மதில் மட்டும் போதுமா?

இலவச கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2009-இன் அட்டவணையில் ஒரு பள்ளிக்கு இருக்க வேண்டியவை வரிசையாகச் சொல்லப்பட்டிருக்கின்றன. வகுப்பறை, குடிநீர், ஆண், பெண் பிள்ளைகளுக்குத் தனித்தனிக் கழிப்பறை, விளையாட்டு இடம் என்று போகிற அந்தப் பட்டியலில் சுற்றுச்சுவரோ வேலியோ அமைத்துப் பள்ளிக் கட்டடத்தைப் பாதுகாப்பதும் ஒன்று. ஆகவே சுற்றுச்சுவர் கேட்பது உங்கள் உரிமை. கட்டாயம் கேளுங்கள்.

ஆனாலும் நம்ம ஊர் நிலவரம் நமக்குத் தெரியும். பள்ளி ஒரு சரிவில் இருக்கும். மேலே சாலை, கீழே தேயிலை. நடுவில் ஒரு ஒற்றையடிப் பாதை. லைன் வீட்டிலிருந்து பேருந்து நிறுத்தத்துக்குப் போகிற எல்லோருக்கும் அதுதான் குறுக்கு வழி. கொழுந்து பறிக்கப் போகிற அக்கா, விறகு எடுத்து வருகிற பாட்டி, ஹட்டியிலிருந்து கடைக்குப் போகிற ஐயா, எல்லோரும் பள்ளி முற்றத்தைத் தாண்டித்தான் போவார்கள். ஒரு மழைக்கு மண் சரிந்தால் சுவரும் சேர்ந்து சரியும். பனிமூட்டம் இறங்கிவிட்டால் பத்தடி தள்ளி நிற்பவர் முகம் தெரியாது.

இப்படிப்பட்ட இடத்தில் சுவரை மட்டும் நம்பி இருக்க முடியாது. கேமராவும் நடந்ததைப் பதிவு செய்யுமே தவிர, வருகிறவரை நிறுத்தி எதுவும் கேட்காது. கேட்க ஆள் வேண்டும். ஆள் கேட்பதற்கு ஒரு பழக்கம் வேண்டும்.

கேட்காமல் விட்டால் என்ன ஆகும்?

யாரையும் பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. நடந்தது தெரிந்தால்தான் எந்த இடத்தில் ஓட்டை என்று புரியும்.

2024 நவம்பர் 20, தஞ்சாவூர் மாவட்டம் மல்லிப்பட்டினம் அரசு உயர்நிலைப் பள்ளி. காலை நேரம், பள்ளி நடந்துகொண்டிருக்கிறது. ஒருவர் உள்ளே வந்து, அங்கே பணியாற்றிய 26 வயது ஆசிரியையைக் கத்தியால் குத்தினார். ஆசிரியை உயிரிழந்தார். வந்தவர் எங்கிருந்தோ வந்த அந்நியர் இல்லை, ஆசிரியைக்குத் தெரிந்தவர்தான். "தெரிஞ்ச முகம்தானே, எதுக்குக் கேட்டுக்கிட்டு" என்று நாம் நினைக்கிறோமே, அந்த நினைப்பைத்தான் இந்தச் சம்பவம் உடைக்கிறது. பள்ளிப் பாதுகாப்பு என்றால் பிள்ளைகளுக்கு மட்டும் என்று எண்ண வேண்டாம். ஆசிரியருக்கும், சமையலருக்கும், துப்புரவுப் பணியாளருக்கும் அதே பாதுகாப்பு வேண்டும்.

அதே ஆண்டு ஆகஸ்டு மாதம், கிருஷ்ணகிரி மாவட்டம் பர்கூர் அருகே ஒரு தனியார் பள்ளி. என்.சி.சி. முகாம் என்று சொல்லிக்கொண்டு சிலர் வந்தார்கள். சீருடை, விசில், கம்பீரமான பேச்சு. மாணவிகளைப் பள்ளியிலேயே இரவு தங்க வைத்து முகாம் நடந்தது. 13 வயதுச் சிறுமி ஒருவர் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார். பிறகுதான் தெரிந்தது, அது போலி முகாம். அந்தப் பள்ளிக்கு என்.சி.சி. அனுமதியே கிடையாது. சிறப்புப் புலனாய்வுக் குழு விசாரித்தது. பள்ளி நிர்வாகத்தைச் சேர்ந்தவர்களும் கைதானார்கள். முகாமை அனுமதிக்கும் முன் என்.சி.சி. அலுவலகத்துக்கு யாராவது ஒரு போன் போட்டு, "உங்க ஆளுங்கதானா?" என்று கேட்டிருந்தால் அந்த முகாம் தொடங்கியே இருக்காது.

வெளிநாட்டு உதாரணமும் ஒன்று சொல்கிறேன். ஜப்பானில் ஒசாகா நகருக்குப் பக்கத்தில் இகேதா என்ற ஊர். 2001 ஜூன் 8 அன்று, ஒருவன் கத்தியோடு அங்குள்ள தொடக்கப் பள்ளிக்குள் திறந்திருந்த வாயில் வழியாக நுழைந்தான். 8 குழந்தைகள் இறந்தார்கள். 13 குழந்தைகளும் 2 ஆசிரியர்களும் காயம் அடைந்தார்கள். உள்ளே போகும் வழியில் ஓர் ஆசிரியர் அவனைப் பார்த்திருக்கிறார். யாரோ பெற்றோர் என்று நினைத்து லேசாகத் தலையசைத்து வணக்கம் சொல்லியிருக்கிறார். அவன் பதில் வணக்கம் சொல்லவில்லை. ஆசிரியரும் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

அந்த ஆசிரியரைக் குறை சொல்ல வேண்டியதில்லை. நம்மில் யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்போம். ஆனால் ஜப்பான் அதிலிருந்து பாடம் எடுத்துக்கொண்டது. வாயில்களைப் பூட்டி வைப்பது, வருகிற பெற்றோர் உட்பட எல்லோரும் அடையாள அட்டை அணிவது, கண்ணில் படும் வெளியாளிடம் எந்த ஆசிரியராக இருந்தாலும் நின்று பேசுவது என்று பழக்கப்படுத்திக்கொண்டார்கள். அந்தப் பள்ளி இன்றும் ஆண்டுதோறும் ஜூன் 8 அன்று அந்தக் குழந்தைகளை நினைவுகூர்கிறது.

கேட்ட ஒருவர்

நம்ம ஊரில் கேட்டவரும் உண்டு. 2024 ஆகஸ்டு இறுதியில் சென்னையில் ஓர் அரசுப் பள்ளியில் வெளியாள் ஒருவர் சொற்பொழிவு ஆற்றினார். மாற்றுத்திறனாளிகளைப் புண்படுத்தும்படி, முற்பிறவிப் பாவம் என்றெல்லாம் பேசிக்கொண்டு போனார். பார்வை மாற்றுத்திறனாளியான ஆசிரியர் ஒருவர் எழுந்து, கூட்டத்தின் நடுவிலேயே கேள்வி கேட்டார். பேசியவர் எகிறினார். ஆசிரியர் பின்வாங்கவில்லை. அந்தக் காட்சியை உங்களில் பலர் கைபேசியில் பார்த்திருப்பீர்கள். அதன் பிறகே விஷயம் வெளியே வந்தது. பேசியவர் கைது செய்யப்பட்டார். பள்ளிகளில் வெளியாட்களை வைத்து நடத்தும் நிகழ்ச்சிகளுக்கு வழிமுறை வகுக்கப்படும் என்று அரசு அறிவித்தது.

மேடையில் நிற்பவரையே கேட்கலாம் என்றால், வாசலில் நிற்பவரைக் கேட்க என்ன கூச்சம்?

வாசலில் செய்ய வேண்டியவை

"எங்க பள்ளியில ரெண்டே டீச்சர். வாட்ச்மேன் கிடையாது. யார் வாசல்ல நிக்கிறது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. மலையில் பெரும்பாலான தொடக்கப் பள்ளிகள் அப்படித்தான். கையில் இருப்பதை வைத்து என்ன செய்யலாம் என்று பார்ப்போம்.

முதலாவது, வழி ஒன்று. பள்ளிக்கு மூன்று பக்கம் நடைபாதை இருந்தால், பள்ளி நேரத்தில் ஒன்றை மட்டும் திறந்து வையுங்கள். மற்ற இரண்டுக்கும் மூங்கில் படலோ கம்பி வேலியோ போதும். குறுக்கு வழியாகப் போகிறவர்களுக்கு ஊர்க் கூட்டத்தில் சொல்லி, சுற்றிப் போக ஒரு பாதை காட்டுங்கள். ஊர் ஒத்துழைக்காமல் இது நடக்காது.

இரண்டாவது, நேரம் ஒன்று. கேஸ் சிலிண்டர், முட்டை, மளிகை வரும் நேரம், பெற்றோர் ஆசிரியரைப் பார்க்கும் நேரம், இரண்டையும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளலாம். காலை உணவுத் திட்டமும் சத்துணவும் நடக்கும் பள்ளியில் தினமும் யாராவது வந்துகொண்டுதான் இருப்பார்கள். எதிர்பார்த்த நேரத்தில் எதிர்பார்த்த ஆள் வந்தால், எதிர்பாராமல் வருகிறவர் தானாகவே கண்ணில் படுவார்.

மூன்றாவது, பேரேடு ஒன்று. ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். தேதி, பெயர், கைபேசி எண், யாரைப் பார்க்க, எதற்காக, வந்த நேரம், போன நேரம், கையொப்பம். எழுதத் தெரியாதவருக்கு ஆசிரியரோ அலுவலக உதவியாளரோ எழுதிக் கொடுக்கலாம். பெயர் எழுதியதும் கழுத்தில் ஓர் அட்டை. அட்டை இல்லாத பெரியவர் வராந்தாவில் நடந்தால், மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூட "இவங்க இன்னும் பேர் எழுதலை" என்று தெரிந்துவிடும். ஆனால் வாசலைத் திறக்கவோ, வந்தவரிடம் பேசி அனுப்பவோ பிள்ளைகளை விடாதீர்கள். அது பெரியவர்கள் வேலை.

நான்காவது, திருப்பிக் கூப்பிடுவது. "நான் சுகாதாரத் துறையிலிருந்து வர்றேன்", "ஆதார் முகாம்", "எஸ்டேட் அலுவலகத்திலிருந்து", "பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் கொடுக்க வந்தோம்" என்று யார் வந்தாலும் அடையாள அட்டையைப் பாருங்கள். பார்த்துவிட்டு, அவர் கொடுக்கும் எண்ணில் கூப்பிடாதீர்கள். அந்த அலுவலகத்தின் எண் உங்களிடம் ஏற்கெனவே இருக்க வேண்டும்; அதில் கூப்பிட்டுக் கேளுங்கள். சுகாதார நிலையம், வட்டாரக் கல்வி அலுவலகம், காவல் நிலையம், வனச்சரக அலுவலகம், மின்வாரியம் ஆகிய ஐந்து எண்களைத் தாளில் எழுதித் தலைமையாசிரியர் மேசை மேல் ஒட்டி வையுங்கள். கைபேசியில் இருக்கிறதே என்று விடாதீர்கள். நம்ம பள்ளத்தாக்கில் சிக்னல் இருக்கும் இடம் மேசையிலிருந்து இருபது அடி தள்ளிக்கூட இருக்கலாம். எந்த இடத்தில் நின்றால் சிக்னல் கிடைக்கும் என்பதைப் பள்ளியில் எல்லோரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

பிள்ளையை யாரிடம் அனுப்புவது?

"அவங்க அப்பாவுக்கு அடிபட்டு ஆஸ்பத்திரியில இருக்காரு. நான் சித்தப்பா. கூட்டிட்டுப் போக வந்தேன்."

இப்படி ஒருவர் பதறி வந்து நின்றால் எந்த ஆசிரியருக்கும் மனசு இளகத்தான் செய்யும். அதனால் மனசு இளகும் முன்பே ஏற்பாடு இருக்க வேண்டும். ஆண்டுத் தொடக்கத்திலேயே, உங்கள் பிள்ளையை அழைத்துப் போகக்கூடியவர்கள் இரண்டு மூன்று பேரின் பெயரையும் எண்ணையும் எழுதிக் கொடுத்துவிடுங்கள். பட்டியலில் இல்லாதவர் வந்தால், பெற்றோரிடம் பேசிய பிறகுதான் அனுப்ப வேண்டும். தோட்டத்தில் கொழுந்து பறிக்கும்போது பலர் போன் எடுப்பதில்லை. எனவே இரண்டாவதாக ஓர் எண்ணும் அவசியம். மேஸ்திரி எண்ணாக இருக்கலாம், பக்கத்து லைன் அக்கா எண்ணாக இருக்கலாம்.

வீட்டிலும் ஒன்று செய்யலாம். உங்களுக்கும் பிள்ளைக்கும் மட்டும் தெரிந்த ஒரு சொல் வைத்துக்கொள்ளுங்கள். பழத்தின் பெயரோ, வீட்டுப் பூனையின் பெயரோ எதுவாகவும் இருக்கட்டும். "அம்மா அனுப்பினாங்க" என்று யார் சொன்னாலும், பிள்ளை அந்தச் சொல்லைக் கேட்கட்டும். சொல்லத் தெரியாதவரோடு போகக் கூடாது; திரும்பி ஓடி டீச்சரிடம் போக வேண்டும். இதை ஒரு விளையாட்டு போலவே பழக்கிவிடலாம்.

சாக்லேட்டும் செல்ஃபியும்

சீசன் வந்தால் நமக்கு இன்னொரு வகை விருந்தாளிகளும் உண்டு. சாலையோரம் வண்டியை நிறுத்துவார்கள். தேயிலைச் சரிவு, ஓட்டுக் கூரைப் பள்ளி, ஸ்வெட்டர் போட்ட பிள்ளைகள். பார்க்க அழகாக இருக்கும். "இங்க வாங்க குட்டீஸ்" என்று கூப்பிட்டு, சாக்லேட் கொடுத்து, படம் எடுத்துப் போய்விடுவார்கள். மாலைக்குள் உங்கள் பிள்ளையின் முகமும், பள்ளிப் பெயர்ப் பலகையும், ஊர்ப் பெயரும் இணையத்தில் இருக்கும். யார் பார்க்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. அவர்கள் கெட்டவர்கள் என்று சொல்லவில்லை. பெரும்பாலோர் அன்பால்தான் செய்கிறார்கள். ஆனாலும் உங்கள் பிள்ளையைப் படம் எடுக்க உங்கள் சம்மதம் வேண்டும்.

இதைப் படிக்கும் நீங்கள் ஊட்டிக்குச் சுற்றுலா வரத் திட்டமிட்டிருக்கிறீர்களா? உங்களிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளைகளுக்கு ஏதாவது கொடுக்க ஆசைப்பட்டால் தலைமையாசிரியரிடம் கொடுங்கள். பேரேட்டில் பெயர் எழுதுங்கள். படம் எடுக்காமல் போங்கள்.

கேட்பது வேறு, சந்தேகப்படுவது வேறு

இதுவரை சொன்னதைக் கேட்டுவிட்டு யாராவது "இனிமே வெளியூர்க்காரன் எவனையும் உள்ள விடக் கூடாது" என்று கிளம்பிவிடக் கூடாது.

2018 மே மாதம், திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே அத்திமூர் என்ற ஊர். சென்னையிலிருந்து குலதெய்வம் கோயிலுக்கு ஒரு குடும்பம் காரில் வந்தது. வழியில் வண்டியை நிறுத்தியபோது, அங்கிருந்த பிள்ளைகளுக்கு 65 வயது மூதாட்டி சாக்லேட் கொடுத்தார். அந்த நாட்களில் "வடநாட்டிலிருந்து பிள்ளை பிடிக்கும் கும்பல் வந்திருக்கு" என்று வாட்ஸ்அப்பில் பொய்ச் செய்தி பரவிக்கொண்டிருந்தது. கூட்டம் கூடி அடித்தது. அந்த மூதாட்டி இறந்துபோனார். பேரப் பிள்ளைகள் இருக்கும் வயதில் ஒருவர், பிள்ளைகளுக்கு இனிப்புக் கொடுத்ததற்காக.

2024-இலும் இதே மாதிரி வதந்தி பரவியது. நம்பாதீர்கள் என்று காவல் துறை அறிக்கை விட வேண்டி வந்தது.

நம்ம தோட்டங்களில் இன்று ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்த குடும்பங்கள் வேலை செய்கின்றன. அவர்கள் பிள்ளைகள் நம்ம பிள்ளைகளோடு அதே அங்கன்வாடியில் உட்கார்ந்திருக்கிறார்கள். தமிழ் சரியாக வராத ஓர் அப்பா, பிள்ளையை அழைத்துப்போக வாசலில் நின்றால், அவரை முறைத்துப் பார்ப்பதா பாதுகாப்பு? ஒரு காலத்தில் இலங்கையிலிருந்து திரும்பி வந்து இங்கே டான்டீ லைன்களில் குடியேறியவர்களையும் சிலர் அப்படித்தான் பார்த்தார்கள்.

அதனால்தான் கேள்வி எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும் என்கிறேன். கார் போட்டு வந்தவருக்கும் அதே நோட்டு, காலில் சேறோடு வந்தவருக்கும் அதே நோட்டு. கவுன்சிலருக்கும் அட்டை, கட்டடக் காண்டிராக்டருக்கும் அட்டை. எல்லோரையும் கேட்கும்போது யாருக்கும் அவமானம் இல்லை. ஆளைப் பார்த்துக் கேட்கத் தொடங்கினால், கேட்க வேண்டியவரை விட்டுவிடுவோம். கேட்கக் கூடாத விதத்தில் வேறு ஒருவரைக் கேட்போம். பிள்ளை பிடிப்பவர் என்று ஏதாவது செய்தி வந்தால் பகிராதீர்கள். 112-க்கு அழைத்துக் கேளுங்கள்.

உள்ளே இருப்பவர் பற்றி

வாசலில் பெயர் எழுதாமலே தினமும் உள்ளே வருகிறவர்களும் இருக்கிறார்கள். சொல்லச் சங்கடமாக இருந்தாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

2025 ஜூலையில் உதகை அருகே ஓர் அரசுப் பள்ளி. காவல் துறையினர் வந்து பாலியல் தொல்லை பற்றி விழிப்புணர்வு வகுப்பு எடுத்தார்கள். அதைக் கேட்ட பிறகுதான் மாணவிகள் வாய் திறந்தார்கள். அந்தப் பள்ளியின் ஆசிரியர் ஒருவர் போக்சோ சட்டத்தில் கைது செய்யப்பட்டார். அந்தப் பிள்ளைகள் சொல்லத் தெரியாமல் இல்லை. இதைச் சொல்லலாம், சொன்னால் கேட்பார்கள் என்று யாராவது ஒருவர் அவர்களிடம் சொல்ல வேண்டியிருந்தது.

அரசுப் பள்ளிகளில் 'மாணவர் மனசு' பெட்டி இருக்கிறது. உங்கள் பள்ளியில் அது எங்கே மாட்டப்பட்டிருக்கிறது என்று போய்ப் பாருங்கள். தலைமையாசிரியர் அறை வாசலில் எல்லோர் கண்ணிலும் படும்படி இருந்தால், எந்தப் பிள்ளை அதில் சீட்டுப் போடும்? குடிநீர்த் தொட்டிப் பக்கம் மாற்றி வைக்கச் சொல்லுங்கள். மாணவர் பாதுகாப்பு ஆலோசனைக் குழு கூடுகிறதா, பெட்டியைத் திறக்கிறதா என்று கேளுங்கள்.

சட்டம் ஒன்றையும் மனதில் வையுங்கள். 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின்படி, ஒரு குழந்தைக்குப் பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தும் காவல் துறைக்குத் தெரிவிக்காமல் இருப்பதே குற்றம். ஆறு மாதம் வரை சிறை. நிறுவனப் பொறுப்பில் இருப்பவர் மறைத்தால் ஓராண்டு வரை சிறை. "ஊர் மானம் போயிடும், பள்ளிக்குக் கெட்ட பேரு" என்று பேசி முடிக்க யாருக்கும் உரிமை இல்லை. அந்தக் குழந்தையின் பெயரையும் படத்தையும் வெளியிடுவதும் குற்றம்தான்.

நாலு கால் விருந்தாளிகள்

நீலகிரியில் பள்ளிப் பாதுகாப்பு பற்றிப் பேசிவிட்டு இவர்களை விட முடியுமா?

2024 ஜனவரி 6 அன்று, பந்தலூர் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், அங்கன்வாடியிலிருந்து தாயோடு திரும்பிக்கொண்டிருந்த மூன்று வயதுப் பெண் குழந்தையைச் சிறுத்தை இழுத்துச் சென்றது. குழந்தை பிழைக்கவில்லை. ஜார்க்கண்டிலிருந்து வேலைக்கு வந்த குடும்பம் அது. கூட அம்மா இருந்தும் நடந்தது. கூடலூர், பந்தலூர் மக்கள் சாலைக்கு வந்து போராடினார்கள். மறுநாள் சிறுத்தை பிடிபட்டது.

பள்ளி வாசலோடு பாதுகாப்பு முடிவதில்லை என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம். பிள்ளை நடந்து வரும் பாதையும் பள்ளியைச் சேர்ந்ததுதான். பாதையின் இரு பக்கமும் புதரை வெட்டி வைக்கத் தோட்ட நிர்வாகத்திடமும் ஊராட்சியிடமும் எழுதிக் கேளுங்கள். தேயிலைச் செடி இடுப்புயரம்தான், ஆனால் அதன் அடியில் சிறுத்தை படுத்திருந்தால் தெரியாது. சின்னப் பிள்ளைகளைத் தனியாகவோ கடைசியாகவோ நடக்க விடாதீர்கள். பெரிய பிள்ளைகள் முன்னும் பின்னும், நடுவில் சின்னவர்கள். பேசிக்கொண்டே போகட்டும், சத்தம் நல்லது. காட்டோரக் குடியிருப்புப் பிள்ளைகளுக்கு வாகன வசதியும் வழித்துணையும் தர அரசுத் திட்டத்தில் இடம் இருக்கிறது. உங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கிடைக்குமா என்று தலைமையாசிரியரிடம் கேளுங்கள்.

கரடிக்கு எண்ணெய் வாசனையும் சர்க்கரை வாசனையும் ரொம்பப் பிடிக்கும். சத்துணவுக் கூடத்தின் கதவு பலமாக இல்லை என்றால் இரவில் உடைத்துவிட்டு உள்ளே போகும். பொருட்களை மூடிய டின்னில் வைப்பது, மிச்சச் சோற்றைப் பள்ளிக்குப் பின்னால் கொட்டாமல் இருப்பது, காலையில் முதலில் வருகிற சமையலர் அக்காவைத் தனியாகக் கதவு திறக்க விடாமல் இருப்பது, இவை மூன்றும் பணம் செலவில்லாத பாதுகாப்பு. யானை, கரடி, காட்டெருமை எது பள்ளி அருகே நின்றாலும் வனச்சரக அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். வீடியோ எடுக்கக் கிட்டப் போகாதீர்கள்.

யாரிடம், எப்படிக் கேட்பது?

கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். மொத்த உறுப்பினரில் பாதிப் பேர் பெண்கள். தமிழ்நாட்டில் 2024-இல் மறுகட்டமைப்பு செய்யப்பட்ட குழுவில் 24 உறுப்பினர்கள். அதாவது, இது உங்கள் குழு. அடுத்த கூட்டத்தில் மூன்று தீர்மானம் போடுங்கள்: பள்ளி நேரத்தில் ஒரே வழி, பார்வையாளர் பேரேடும் அட்டையும், பிள்ளைகளை அழைத்துப் போவோர் பட்டியல். மூன்றுக்கும் சேர்த்து ஆகும் செலவு சில நூறு ரூபாய்தான். நான்காவதாக, வேலி அல்லது சுற்றுச்சுவர் தேவை என்ற தீர்மானம். இதற்கு நிதி வேண்டும், காலம் ஆகும். ஆகவே எழுத்தில் இருக்கட்டும். தீர்மானங்களைப் பெற்றோர் செயலியில் பதிவேற்றினார்களா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பதில் வரவில்லை என்றால் முதல்வரின் முகவரி, 1100 என்ற எண்ணில் கோரிக்கை பதியலாம்.

இப்போது கைபேசியை எடுங்கள். இந்த எண்களைச் சேமியுங்கள்.

112 – அவசர உதவி.
1098 – குழந்தைகளுக்கான உதவி எண். 24 மணி நேரமும், கட்டணம் இல்லை. பிள்ளையே பேசலாம்.
14417 – பள்ளிக் கல்வித் துறையின் உதவி மையம்.
1930 – இணையக் குற்றப் புகார்.
1077 – மழை, மண்சரிவு, மரம் விழுந்தால் மாவட்ட அவசரக் கட்டுப்பாட்டு அறை.
108 – ஆம்புலன்ஸ்.

தமிழ்நாடு காவல் துறையின் 'காவல் உதவி' செயலியையும் பதிவிறக்கி வையுங்கள். சேமித்தபின் 1098-ஐ மட்டும் பிள்ளைக்கு மனப்பாடம் செய்யச் சொல்லிக் கொடுங்கள். கைபேசி எப்போதும் உங்கள் பையில்தான் இருக்கும். அந்த நாலு எண்கள் பிள்ளையின் தலையில் இருக்கட்டும்.

நாளைக்கே நீங்கள் உங்கள் பிள்ளையின் பள்ளிக்குப் போகலாம். சாதிச் சான்றிதழ் விஷயமாகவோ, மறந்துபோன சாப்பாட்டுப் பையைக் கொடுக்கவோ போவீர்கள். பத்து வருடமாகத் தெரிந்த டீச்சர் வாசலில் நின்று, "அக்கா, யாரைப் பார்க்கணும்? இங்க ஒரு கையெழுத்து போட்டுட்டு போங்க" என்பார். "என்னைத் தெரியாதா உனக்கு?" என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். "நல்லது டீச்சர், எல்லாரையும் இப்படியே கேளுங்க" என்று சொல்லிவிட்டு, பெயரை எழுதி, நேரத்தைக் குறித்து, அட்டையை மாட்டிக்கொண்டு உள்ளே போங்கள்.